கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? முதலில் கம்பளியை எடுங்கள்

மழை தொடங்கிவிட்டால் என்னிடம் இரண்டு விதமான கர்ப்பிணிகள் வருகிறார்கள்.

முதல் விதத்தினர் உடம்பு நன்றாக இருக்கும்போதே வருவார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற இடத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்திருக்கும். வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியாமல் இரண்டு மாதம் அதன் பக்கத்தில் நின்று சாப்பாடு சூடாக்கியிருப்பார். ஊருக்கு வந்ததும் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருப்பார்கள்: ஊனமான எலிக்குட்டி, பின்னணியில் பேய்ப்படத்து இசை. "வயித்துப் புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுங்களா டொக்டர்?" என்று கேட்கும்போதே கண் கலங்கிவிடும். லயத்துக்கு மேலே மலையில் நிற்கும் போன் கோபுரத்தைச் சொல்லி இதே கேள்வியைக் கேட்கும் மாமியார்களும் உண்டு.

இரண்டாம் விதத்தினர் கேள்வி கேட்பதில்லை. நாலாம் நாள் காய்ச்சலோடு, திரீவீலரில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கழுத்துவரை கம்பளி சுற்றிக் கொண்டுவரப்படுகிறார்கள். பனடோல் கொடுத்தீர்களா என்றால், "புள்ளத்தாச்சிக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னாங்க" என்று பதில் வருகிறது.

முதலாமவருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இருக்கிறது. இரண்டாமவரின் வீட்டாரிடம் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே இடத்தில் உள்ளது. சினையாக இருந்த எலி, சுண்டெலி, கினிப் பன்றி ஆகியவற்றை வைத்து ஆய்வுகூடங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்த பரிசோதனைகள்தான் அந்த ஆதாரம். வீடியோக்காரர் அவற்றில் பாதியை மட்டும் படித்திருக்கிறார்.

எலிகளுக்கு நடந்தது என்ன?

1960களில் அவுஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் எட்வர்ட்ஸ் என்ற கால்நடை வைத்திய ஆராய்ச்சியாளர், கடும் வெயில் காலத்தில் தம்மிடமிருந்த கினிப் பன்றிகளின் கர்ப்பம் கலைவதையும், குட்டிகள் ஊனமாகப் பிறப்பதையும் கவனித்தார். சந்தேகம் வந்து, சினைப்பட்ட விலங்குகளைச் சூடான பெட்டியில் நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். தாயின் உடல் வெப்பம் 3, 4 பாகை ஏறியபோது சிறுத்த மூளையோடு குட்டிகள் பிறந்தன. அந்தப் பெட்டியில் மைக்ரோவேவும் இல்லை, கதிரும் இல்லை. வெறும் சூடான காற்று மட்டும்தான் இருந்தது.

அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் மைக்ரோவேவ் அடுப்பு வீடுகளுக்குள் நுழைந்தது. அடுப்பில் பயன்படும் அதே 2450 மெகாஹேர்ட்ஸ் அலையை ரொபர்ட்ஸ் ரக் என்பவர் சினைச் சுண்டெலிகள் மீது செலுத்தினார். சதுர சென்டிமீற்றருக்கு 100 மில்லிவாட்டுக்கும் மேலான கடும் அளவு அது. சில நிமிடங்களே செலுத்தியும் மண்டையோடு மூடாத குட்டிகள், வயிற்றிலேயே கரைந்துபோன கருக்கள் என்று விளைவுகள் மோசமாக இருந்தன. வீடியோக்களில் நீங்கள் பார்ப்பது இந்த வகை எலிக்குட்டிகளைத்தான்.

வீடியோவில் வராத பாதி இதற்குப் பிறகு வருகிறது. எஸ்ரா பேர்மன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு அளவைக் குறைத்து, நாளுக்கு 100 நிமிடம் என்று கர்ப்பகாலத்தில் தினமும் அலையைச் செலுத்தியது. 28 மில்லிவாட்டில் சுண்டெலிக் குட்டிகளின் எடை குறைந்தது. அதே 28 மில்லிவாட்டை, சுண்டெலியைவிடப் பெரிய எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகளில் குறையொன்றும் தெரியவில்லை. 1980களில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் லேரி குழு இன்னும் தெளிவாகக் கேள்வி கேட்டது: எத்தனை பாகை வரை தாய் சூடானால் பிள்ளைக்கு ஆபத்து? பிளாஸ்டிக்கை ஒட்டும் இயந்திரங்களில் பயன்படும் 27.12 மெகாஹேர்ட்ஸ் அலையால், கர்ப்பத்தின் 9ஆம் நாளில் எலிகளைச் சூடாக்கினார்கள். தாயின் உடல் வெப்பம் 41.5 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் ஊனமும் சாவும் கூடத் தொடங்கின. எலிக்கு 9ஆம் நாள் என்பது மனிதப் பெண்ணுக்குக் கருவுற்ற மூன்றாம், நாலாம் வாரத்துக்குச் சமம். பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது.

சூடு காற்றிலிருந்து வந்தாலும் அலையிலிருந்து வந்தாலும் கரு ஒரே மாதிரியாகத்தான் கெட்டது. அந்த அலை தாயைச் சூடாக்காத அளவில் இருந்தபோது, இந்த ஊனங்கள் எதுவும் உறுதியாகக் காட்டப்படவில்லை.

லேரியின் குழுவில் இருந்தவர்கள் பிறகு செய்த ஒரு பரிசோதனையும் என் மனதில் நிற்கிறது. ஒரு கரைப்பான் இரசாயனத்தையும் சூட்டையும் தனித்தனியாகக் கொடுத்தபோது இருந்த கேட்டைவிட, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அதிகமான கேடு வந்தது. அந்தக் கரைப்பானை நம் மலைகளில் யாரும் தெளிப்பதில்லை. ஆனாலும் மருந்து தெளிக்கும் மலையில் உச்சி வெயிலில் நிற்கும் கர்ப்பிணியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எலிகள் எனக்கு ஞாபகம் வரும்.

எலியின் வயிறும் உங்கள் வயிறும்

சுண்டெலியின் எடை 25, 30 கிராம். அடுப்பின் அலை தசைக்குள் சுமார் 2 சென்டிமீற்றர்தான் ஊடுருவும். சுண்டெலிக்கு அந்த 2 சென்டிமீற்றருக்குள் முதுகு, குடல், கருப்பை எல்லாமே அடங்கிவிடும். உங்களுக்குத் தோலும் கொழுப்பும் வயிற்றுத் தசையும் தாண்டுவதற்குள் அந்த அலையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நெல்லிக்காயை அவிப்பதற்கும் முழுப் பலாக்காயை அவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதோடு மனித உடம்பு வேர்த்து ஆறும். எலிக்கு நம்மைப்போல உடம்பு முழுவதும் வேர்க்காது.

கதவு நன்றாக மூடும் அடுப்பிலிருந்து என்ன கசிகிறது? 1971 முதல் அமெரிக்கச் சட்டப்படி, ஓர் அடுப்பு அதன் ஆயுள் முழுவதும் 5 சென்டிமீற்றர் தூரத்தில் சதுர சென்டிமீற்றருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. கதவோடு முகத்தை ஒட்டி வைத்தால் உள்ள அளவு அது. ஒரு கை தூரம் தள்ளி நின்றால் பல மடங்கு குறைந்துவிடும். அடுப்பை நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும். சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவு வளைந்த, விளிம்பு துருப்பிடித்த, பூட்டு உடைந்த அடுப்பை மட்டும் யாரும் பயன்படுத்தக் கூடாது, கர்ப்பிணியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். மற்றபடி கொழும்பில் இரண்டு மாதம் அடுப்புப் பக்கம் நின்ற பெண்ணே, உன் பிள்ளைக்கு அதனால் எதுவும் இல்லை. அழுவதை நிறுத்து.

போன் கோபுரத்துக்குப் பதில் இன்னும் குறுகியது. உலக சுகாதார அமைப்பு 2006இல் தொகுத்துச் சொன்னபடி, கோபுரங்களுக்கு அருகே மக்களுக்குக் கிடைக்கும் அளவு சர்வதேச எல்லையில் 0.002 வீதத்திலிருந்து 2 வீதம் வரைதான். அந்த எல்லையே, உடம்பின் சூட்டை ஒரு பாகை ஏற்றக்கூடிய அளவை ஐம்பதால் வகுத்து வைத்தது. கோபுரத்தால் உங்கள் உடம்பு சூடாகாது.

மைக்ரோவேவ் உண்மையிலேயே உடம்புக்குள் வைத்தியமாகச் செலுத்தப்படும் ஓர் இடம் உண்டு: முதுகுவலி, மூட்டுவலிக்குச் சூடு கொடுக்கும் இயந்திரம். அதை இயக்கிய அமெரிக்கப் பெண் பிசியோதெரபிஸ்டுகளிடையே கருச்சிதைவு சற்றுக் கூடியிருந்ததாக 1993இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றும் அது விவாதத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் முதுகுவலிக்கு அந்த மேசையில் படுப்பதற்கு முன் "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது போதும்.

நம் ஊரில் தாயைச் சூடாக்குவது

அப்படியானால் ஓப்பநாயக்க பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கர்ப்பிணியின் உடம்பை 39, 40 பாகை செல்சியஸுக்கு ஏற்றுவது எது? காய்ச்சல். வேறெதுவும் அதற்குக் கிட்டே வராது.

இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனது. வயல், மாணிக்கக் குழி, வெள்ளம் வடிந்த சேறு, எலி மூத்திரம் கலந்த ஓடை எல்லாமே நம் வாசலுக்கு அருகில் உள்ளன. டெங்கு மறுபக்கம். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது. கவ்வாத்து வெட்டிய மலையில் காலையில் நிற்கும் பெண், மாலையில் கணவன் அரைக் குத்தகைக்குச் செய்யும் வயலில் நாற்று நடுகிறாள். காய்ச்சல் வர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் மூன்று மாதத்தில் தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்தால், பிள்ளையின் முதுகுத்தண்டும் மண்டையும் சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது என்று மனிதரில் செய்த ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. வெப்பமானியில் 102 பாகை பாரன்ஹைட் என்பதை ஆபத்தின் வாசலாக வைத்தியர்கள் கொள்வது வழக்கம். இதைப் படித்துவிட்டு, போன மாதம் காய்ச்சல் வந்தவர்கள் பயந்துபோய்க் கிளம்ப வேண்டாம். இந்தக் குறை சாதாரணமாகவே ஆயிரத்தில் ஓரிரண்டு பிள்ளைகளுக்குத்தான் வரும்; அதில் இரு மடங்கு என்றாலும் சிறு எண்தான். டென்மார்க்கில் 24,040 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், முதல் 16 வாரத்துக் காய்ச்சலால் பிள்ளை வயிற்றில் இறப்பது கூடவில்லை. அந்தப் பெண்கள் காய்ச்சலைக் கம்பளிக்குள் வைத்துக் காத்திருக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு டெங்குவும் இல்லை.

லயத்தில் உலவும் கதைகள்

கம்பளி போர்த்தி வேர்க்கவிட்டால் காய்ச்சல் இறங்குமாம். இறங்காது. மேலே சொன்ன சிட்னி விலங்குகளைச் சூடாக்கிய பெட்டியை நீங்களே ஒரு கம்பளியால் கட்டிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். நடுங்கும்போது ஒரு மெல்லிய துணி போதும். நடுக்கம் நின்றதும் அதையும் எடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள்.

கம்பளிக்குள் தலையை விட்டு வேது பிடிப்பது இதற்கு அடுத்தது. மூக்கடைப்புக்கு ஐந்து நிமிடம் ஆவி பிடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. 103 பாகை காய்ச்சலில் இருக்கும் கர்ப்பிணியை முழு உடம்பும் மூடி ஆவிக்குள் உட்கார வைப்பதை வைத்தியம் என்று சொல்லாதீர்கள். கொத்தமல்லித் தண்ணீர் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அதில் நல்லது அந்தத் தண்ணீர்.

பனடோல் சாப்பிட்டால் பிள்ளைக்குப் புத்திக் கோளாறு வருமாம். இது புதுக் கதை. 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி மேடையில் நின்று சொன்னதைப் பலர் போனில் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சொன்னது அடுத்த வாரமே ஓப்பநாயக்கவுக்கு வந்துவிடுகிறது. நான் பத்து வருடமாகச் சொல்வது பக்கத்து லயத்துக்குப் போகவில்லை. சுவீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. ஒரே தாயின் பிள்ளைகளில், பனடோல் வகை மருந்து சாப்பிட்ட கர்ப்பத்தையும் சாப்பிடாத கர்ப்பத்தையும் ஒப்பிட்டபோது எந்த வித்தியாசமும் இல்லை. கர்ப்பிணியின் காய்ச்சலுக்கு இன்று நம் கையில் உள்ள பாதுகாப்பான மருந்து அதுதான். அதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்காதீர்கள். ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். தோட்டத்துப் பெண்களில் பலர் 50 கிலோவைத் தொடுவதில்லை, அவர்களுக்கு அளவும் குறைய வேண்டும். எத்தனை குளிசை என்பதை மிட்வைபிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனடோலுக்குப் பயப்படும் அதே வீட்டில் பாமசியிலிருந்து பெயர் தெரியாத "பெரிய காய்ச்சல் குளிசை" வந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் டைக்லோஃபெனக், ஐபுபுரூஃபன். சிலர் பின்வழியாக வைக்கும் மருந்தையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். டெங்குவில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். 20 வாரத்துக்கு மேல் பிள்ளையின் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விழுங்கிவிட்டு, விழுங்க வேண்டியதற்குப் பயப்படுகிறார்கள்.

கணவனின் எலிக்காய்ச்சல் குளிசையைப் பகிர்ந்துகொள்வதுதான் என் பொறுமையை முழுதாகச் சோதிக்கிறது. வயலுக்கும் மாணிக்கக் குழிக்கும் போகிறவர்களுக்குச் சுகாதார உத்தியோகத்தர்கள் வாரம் ஒருமுறை சாப்பிட டொக்சிசைக்ளின் கொடுப்பது உண்டு. நல்ல ஏற்பாடு. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், "நீயும் ரெண்டு போட்டுக்கோ" என்று மனைவிக்குக் கொடுப்பது அன்பு இல்லை ஐயா. அந்த மருந்து பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் படியும். கர்ப்பிணிக்கு எலிக்காய்ச்சல் வந்தால் பென்சிலின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை வைத்தியசாலையில்தான் கொடுப்பார்கள்.

பப்பாளிக் கதையை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அதையும் எலியில் சோதித்திருக்கிறார்கள். "உடம்புக்குச் சூடு" என்று தள்ளிவைக்கும் பட்டியலில் பப்பாளிதான் முதலில். 2002இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சினை எலிகளுக்குப் பழுத்த பப்பாளியைக் கொடுத்தபோது கர்ப்பத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை. காயின் பால், கருப்பையைச் சுருங்க வைத்தது. ஆகவே காயை விடுங்கள், பழுத்ததைச் சாப்பிடுங்கள். அன்னாசியோ பப்பாளியோ சாப்பிட்டு வெப்பமானி ஏறியதாக நான் பார்த்ததில்லை. இந்தச் "சூட்டுக்கு" பயந்து பழமே சாப்பிடாமல் இரத்தம் குறைந்து வரும் பெண்களைத்தான் பார்க்கிறேன்.

கடைசியாக, உயிரையே எடுக்கும் கதை: "காய்ச்சல் விட்டிருச்சு, இனி பயமில்லை." டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். அப்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சூடு இறங்கி, கை கால் சில்லிட்டு, வாந்தியும் வயிற்று வலியும் வந்து, மூத்திரம் குறைந்தால் அவள் தேறவில்லை. அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.

வெயிலும் டிரையர் அறையும்

காய்ச்சல் இல்லாமலும் உடம்பு சூடேறும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலின் குழு, 2017இல் தொடங்கி தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற சூடான இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு இரண்டு மடங்கு இருந்தது. ஆபிரிக்காவின் காம்பியாவில் கர்ப்பிணி விவசாயிகளை வயலிலேயே வைத்து அளந்தபோது, தாய் மீதான வெப்பச் சுமை ஏற ஏற வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பும் தடுமாறியது.

நுவரெலியா பக்கத்துக் குளிர் நம் மலைக்கு இல்லை. பதினொரு மணிக்கு மேல் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு, ஈரக் காற்றில் வேர்வை காயவே காயாது. தொழிற்சாலையில் டிரையர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும், பேக்கரியில் போறணை முன் நிற்கிறவர்களுக்கும் அதே கதை. தண்ணீர்ப் போத்தலை மலைக்கு எடுத்துப் போகாததற்குக் காரணத்தையும் நான் அறிவேன்: ஒதுங்க இடம் இல்லை. அதற்குக் கழிவறை கட்ட வேண்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகள் அல்ல.

பரிசோதனை

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே இரத்தப் பரிசோதனை. மிச்சத்தை வைத்தியர் முடிவு செய்வார்.

கெஞ்சிக் கேட்கிறேன்

காய்ச்சல் தொடங்கிய அன்றே வாருங்கள். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பது தெரியும். திரீவீலருக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதும் தெரியும். டிவிஷனிலிருந்து பெல்மடுல்ல – பலாங்கொட பெருந்தெருவுக்கு இறங்குவதே பாதிப் பயணம் என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நாலாம் நாள் வந்தால் செலவு குறைவதில்லை. வார்டில் பத்து நாள் இருக்க நேரும்போது பத்துப் பேரும் போகிறது. காசு இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

கங்காணி ஐயா, உங்களிடமும் ஒரு வார்த்தை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணை மருந்து தெளிக்கும் மலைக்கு அனுப்பாதீர்கள். உச்சி வெயிலில் நிழலில் உட்கார்ந்தால் கொழுந்து குறைந்துவிட்டது என்று அரைப் பேர் போடாதீர்கள். உங்கள் மகளும் ஒரு நாள் அந்த மலையில் நிற்பாள்.

கல்யாணம் முடித்த பெண்களே, மிட்வைப் தரும் ஃபோலிக் அசிட் குளிசையை அலுமாரியில் வைக்காதீர்கள். பிள்ளையின் முதுகுத்தண்டு மூடி முடிவது கருவுற்ற 28 நாளுக்குள். மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்துக் கிளினிக்குக்கு வருவதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும். கர்ப்பம் தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய குளிசை அது.

மாமியார்மாரே, உங்களை எதிர்த்து எனக்கு எதுவும் இல்லை. லயத்தில் உங்கள் சொல்லுக்குத்தான் மரியாதை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். மருமகளுக்கு 100 பாகை பாரன்ஹைட்டைத் தாண்டினால் பனடோலைக் கொடுத்து, நெற்றியையும் கழுத்தையும் அக்குளையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மிட்வைபுக்குப் போன் எடுங்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைதல், முரசில் இரத்தம், விடாத வாந்தி, பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை வைத்திருக்காதீர்கள். வரும்போது அவள் சாப்பிட்ட குளிசைகளின் வெற்று அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டுத் திட்டமாட்டேன், என்ன விழுங்கினாள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.